அடுப்படிக்கு எட்டாத சுயமரியாதை

அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்றோர் ஊர். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. காசியிலன்று, காஞ்சியிலன்று, இந்தக் காய்ந்த நிலத்திலேதான் 1928ஆம் ஆண்டு மே மாதம் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடைபெற்றது. ஓமகுண்டம் இல்லை, புரோகிதர் இல்லை, மணமக்களுக்குப் புரியாத மந்திரமும் இல்லை. சுயமரியாதைத் திருமணத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் எழுதும் ஊர்ப்பெயர் அதுவே.

அந்த மணமுறை ஓர் உண்மையை ஊரறிய உரைத்தது. திருமணம் என்பது தெய்வம் போட்ட முடிச்சன்று. இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம். ஒருவர் ஆண்டானும் மற்றவர் அடிமையுமாக இருந்து ஒப்பந்தம் செய்ய முடியுமா? முடியாது. எனவே இணையர் இருவரும் சமம். மறு ஆண்டே, 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது.

ஆதிக்கம் சும்மா இருக்குமா? இத்தகைய மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சடங்கு இல்லையேல் சட்டமும் இல்லை என்றனர். ஆட்சிப் பொறுப்பேற்ற அறிஞர் அண்ணா 1967இல் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றாக்கினார். உறவினர், நண்பர் முன்னிலையில், தமக்குப் புரிந்த மொழியில், இவரை நான் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தாலி கட்டினாலும் சரி. சுக்கிலநத்தத்திலிருந்து சட்டமன்றம் வரை சென்று சேர நாற்பது ஆண்டுகள்!

வெற்றிதான், மறுப்பாரில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: மணப்பந்தலில் சமமாக நின்ற இருவரும் மறுநாள் காலை வீட்டுக்குள் சமமாகவா நின்றனர்? மாலை மாற்றிய கைகள் வேலையை மாற்றிக்கொண்டனவா?

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். கைத்தறி கோலோச்சிய நாட்களை எண்ணிப் பாருங்கள். குழித்தறியில் கணவன் அமர்ந்திருப்பான். ராட்டையில் மனைவி அமர்ந்திருப்பாள். அவள் தார் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். நாடா ஓடினால்தான் சேலை வளரும். பாவு விரிக்கவும் கஞ்சி தோய்க்கவும் அவள் கை வேண்டும். சேலை முடிந்ததும் கூலி வரும். யார் பெயரில்? தறிக்காரர் பெயரில்! தார் சுற்றிய கைக்குத் தனிக் கூலி இல்லை. கணக்கேட்டில் ஒரு வரியும் இல்லை. அது நெசவு அன்றாம், வீட்டு வேலையாம்! பின்னர்ப் பெண்களும் தறியில் அமர்ந்து நெய்தனர். பெண் தறிக்கு வந்தாள். ஆண் அடுப்புக்கு வந்தானா?

திருச்சுழிப் பக்கம் செல்வோம். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. கண்மாய் பெருகினால்தான் கழனி. பருத்தி எடுப்பதும் களை பறிப்பதும் பெண்கள் கையில். பொழுதெல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்ந்தவள் வீடு திரும்பினால், விறகும் தண்ணீரும் அவளுக்காகக் காத்திருக்கும். வறண்ட நாட்டில் ஒரு குடம் தண்ணீர் எத்தனை நாழிகை உழைப்பு என்பதைச் சுமந்த இடுப்பே அறியும். அவளோடு அதே காட்டில் பாடுபட்ட கணவன் திண்ணையில் சாய்வான். களைப்பு இருவருக்கும் பொது. ஓய்வு மட்டும் ஒருவருக்கு!

இதற்கு நியாயம் கற்பிக்கப் புராணிகர் மட்டுமா வந்தனர்? சமூகவியல் அறிஞர்களும் வந்தனர். அமெரிக்கப் பேராசிரியர் தால்கட் பார்சன்ஸ் 1955இல் தம் சகாக்களுடன் எழுதிய நூலில், பொருளீட்டும் பொறுப்பு கணவனுக்கு, அன்பு காட்டி இல்லம் பேணும் பொறுப்பு மனைவிக்கு, இப்பிரிவினை குடும்பம் சீராக இயங்க உதவுகிறது என்றார். கரிசல் காட்டுப் பெண்ணை அவர் கண்டதில்லை போலும்! அவள் பொருளும் ஈட்டினாள், இல்லமும் பேணினாள். ஆணுக்கு ஒரு பொறுப்பு, பெண்ணுக்கு இரண்டு. இதன் பெயர் பிரிவினையா, சுரண்டலா?

பிரிட்டனில் ஆன் ஓக்லி 1974இல் வெளியிட்ட நூலில், வீட்டு வேலையும் ஆலை வேலையைப் போல ஆராயத்தக்க உழைப்பே என்று நிறுவினார். ஆர்லி ஹாக்ஷீல்டு 1989இல் அமெரிக்க இணையரை ஆராய்ந்து, வேலைக்குச் செல்லும் மனைவி வீடு திரும்பியதும் இரண்டாவது ஷிப்டைத் தொடங்குகிறாள் என்றார். ஷிப்டு என்றால் அருப்புக்கோட்டைக்கு விளக்கம் வேண்டுமா? நூற்பாலைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊரல்லவா! முதல் ஷிப்டு முடிந்தால் ஆலையில் சங்கு ஊதுவர். அடுப்படி ஷிப்டு முடிந்ததென்று ஊதும் சங்கு எங்கே?

இது வெறும் வாதமன்று, கணக்கும் உண்டு. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டனர். ஆண்களில் 26 பேர் மட்டுமே. ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு தட்டில். ஒன்றரை மணி நேரம் மறு தட்டில்! இந்தத் தராசைத்தான் இல்லற தருமம் என்கிறார்கள்.

பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட பெரியார், சமைப்பதற்கும் வீட்டு ஊழியத்துக்கும் பிள்ளை பெறுவதற்கும் வாய்த்த கருவியாகவே மனைவி கருதப்படுகிறாள் என்பதை இடைவிடாது இடித்துரைத்தார். சடங்கை விடச் சொன்னார், விட்டோம். கரண்டியைப் பகிரச் சொன்னதை மட்டும் காதில் வாங்காமல் விட்டோம். புரோகிதரை வெளியேற்றுவது ஒரு நாள் வேலை. அவர் கற்பித்த பழக்கத்தை வெளியேற்றுவது அன்றாட வேலை. முன்னதற்கு மேடையும் கைதட்டலும் உண்டு. பின்னதற்கு விளக்குமாறும் துவைகல்லுமே உண்டு!

சட்டம் மெல்ல அசைந்திருக்கிறது. பெண்மக்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டுழைப்பும் கலந்திருக்கிறது, ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்புரைத்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் உரைத்த அதே மன்றம்! அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவி என்று பெயரிடவில்லை. உரிமைத் தொகை என்று பெயரிட்டது. சொல் சிறிது, பொருள் பெரிது.

ஆயினும் ஆயிரம் ரூபாய் அடுப்பை ஊதாது. தீர்ப்பு பாத்திரம் துலக்காது. சட்டம் கூலியின் மதிப்பை ஒப்பலாம்; வேலையைப் பகிர வேண்டியவன் வீட்டிலேதான் இருக்கிறான். ஆண்மைக்கு இழுக்கு என்பானாகில் ஒன்று கேட்போம்: உணவு விடுதியில் கூலிக்குச் சமைப்பவன் ஆண், சலவைத் துறையில் துணி வெளுப்பவன் ஆண். கூலி வாங்கிச் செய்தால் குறையாத ஆண்மை, கட்டியவளோடு சேர்ந்து செய்தால் மட்டும் குறையுமோ?

சுயமரியாதைத் திருமணம் செய்த தோழர்கள் நாள்தோறும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இன்று நம் வீட்டில் யார் எத்தனை நாழிகை உழைத்தோம்? யார் எத்தனை நாழிகை ஓய்ந்தோம்? இரண்டு விடையும் சமமாக வரும் வீட்டிலேதான் 1928இன் ஒப்பந்தம் நிறைவேறியது என்போம். மற்ற வீடுகளில் அது கையெழுத்தோடு நிற்கிறது.

கரிசல் மண் விதையை மறப்பதில்லை. முதல் மணத்தை நாட்டுக்குத் தந்த அந்த மண்ணே, அடுப்படியிலும் சமத்துவம் என்ற அடுத்த பாடத்தையும் தரட்டும்!