கராஜுக்குப் போகும் நாலாவது கம்பி

அமெரிக்காவுல சொந்த வீடு வாங்கின நம்ம மக்கள் கொஞ்ச நாள்லயே கேக்குற கேள்வி இது: "கராஜுல எலக்ட்ரிக் காருக்கு சார்ஜர் வைக்கணும், மரவேலை மெஷின் ஒண்ணு போடணும். ஒவ்வொண்ணுக்கும் வீட்டுலேர்ந்து தனித்தனியா ஒயர் இழுக்கணுமா?" வேண்டாம். மெயின் பேனல்ல பெரிய பிரேக்கர் ஒண்ணு போட்டு, அங்கேர்ந்து தடியான கம்பிகளைக் கொண்டுபோய், கராஜுல ஒரு சின்னப் பெட்டி வெச்சா போதும். அதுதான் சப்பேனல்.

எத்தனை கம்பி? இன்னிக்கு நாலு. ரெண்டு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட் (நம்மூர்ல எர்த்துன்னு சொல்றது). மெயின் பேனல்ல நியூட்ரலையும் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டியே ஆகணும். சப்பேனல்ல அதே ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. பார்க்கிறவங்களுக்குக் கிறுக்குத்தனமாத் தெரியும். ஆனா இதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. செம்பை மிச்சம் பண்ணின கதை.

1882 செப்டம்பர்ல நியூயார்க் பேர்ல் தெருவுல எடிசன் மின்நிலையம் ஆரம்பிச்சார். வீட்டுக்கு ரெண்டு கம்பி, சுமார் 110 வோல்ட். கரண்ட் ஓடிச்சு, ஆனா செம்புக்கு ஆன செலவு மனுஷனைப் பிழிஞ்சிடுச்சு. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி மூணு கம்பி முறை. ஓரத்துக் கம்பிகள் ரெண்டுக்கும் நடுவுல ரெட்டை வோல்டேஜ், ஓரத்துக்கும் நடுக்கம்பிக்கும் பழைய வோல்டேஜ். ரெட்டை வோல்டேஜ்னா பாதி கரண்ட். அதே சதவீத இழப்புக்குக் கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு நாலுல ஒரு பங்கு போதும். கணக்குப் போட்டா, 100 கிலோ செம்பு தேவைப்பட்ட இடத்துல 37.5 கிலோ! 1883 ஜூலை 4, பென்சில்வேனியாவின் சன்பரி ஊர்ல இது வேலைக்கு வந்தது. இங்கிலாந்துல ஜான் ஹாப்கின்சனும் தனியா இதையே கண்டுபிடிச்சிருந்தார். அமெரிக்க வீடுகள்ல இன்னிக்கும் இருக்கிற 120/240 வோல்ட் இதோட வாரிசுதான். அந்த நடுக்கம்பிதான் நியூட்ரல்.

அடுத்து ஏசி மின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள பழுதாகி, தெருக்கம்பியில இருக்கிற ஆயிரக்கணக்கான வோல்ட் வீட்டுக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகும்? அதனால நியூட்ரலைப் பூமியோட கட்டணும்னு ஒரு கட்சி, கூடாதுன்னு இன்னொரு கட்சி. பல வருஷச் சண்டை. கடைசியில 1913ல நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் அதைக் கட்டாயமாக்கியது. 1897லேர்ந்து வர்ற இந்தக் கோடும் நம்ம பொட்டி தட்டுற கோடு மாதிரிதான். இப்போ மூணு வருஷத்துக்கு ஒரு வெர்ஷன், உள்ளே ஏகப்பட்ட பழைய பேட்ச் :-)

அதுல ஒரு பேட்ச் 1942ல வந்தது. உலகப்போர் நேரம், செம்புக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. எந்த அளவுக்குன்னா, 1943ல ஒரு சென்ட் காசையே செம்பு இல்லாம இரும்புல அடிச்சாங்க. அப்போ கோட் ஒரு சலுகை கொடுத்தது: மின்சார அடுப்போட உலோக உடம்பை கிரவுண்ட் பண்ணத் தனிக்கம்பி வேண்டாம், நியூட்ரலோடயே கட்டிக்கலாம். போர் 1945ல முடிஞ்சது. சலுகை முடியலை. துணி உலர்த்துற டிரையருக்கும் நீண்டது. புது வயரிங்குக்கு அது செல்லாதுன்னு சொன்னது 1996 கோட்! தற்காலிகம்னு போட்ட ஹாட்ஃபிக்ஸ் அம்பது வருஷம் புரொடக்‌ஷன்ல ஓடியிருக்கு.

கராஜ் கதையும் அதே மாதிரிதான். பழைய அமெரிக்க வீடுகள்ல கராஜ் பெரும்பாலும் கொல்லைப்பக்கம் தனிக் கட்டடமா நிக்கும். அதுக்கு மூணு கம்பி மட்டும் இழுத்து, அங்க நியூட்ரலையும் கிரவுண்டையும் சேர்த்து, மண்ணுல ஒரு கம்பியை அடிச்சு விட்டுடலாம். ஒரே நிபந்தனை, வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவுல வேற உலோகத் தொடர்பு இருக்கக் கூடாது. அடுத்த பத்து வருஷத்துல ஒருத்தர் தண்ணிக் குழாய் போடுவார், இன்னொருத்தர் கேபிள் டிவி இழுப்பார். நிபந்தனை உடைஞ்சது யாருக்கும் தெரியாது. புதுசாப் போடுறதுக்கு இதை நிறுத்தினது 2008 கோட். அப்போதான் நாலாவது கம்பி தனிக் கராஜுக்கும் கட்டாயமாச்சு.

இதுல அப்படி என்ன ஆபத்து? நியூட்ரல்ங்கிறது தினமும் கரண்ட் திரும்பிப் போற பாதை. கிரவுண்ட் பழுது வந்தா மட்டும் கரண்ட் போற பாதை. ரெண்டு வேலையையும் ஒரே கம்பிக்குக் கொடுத்துட்டு, அது மண்ணுக்கடியில அரிச்சுப்போய் அறுந்தா? கராஜுல லைட் ஸ்விட்சைத் தட்டின உடனே பேனல் பெட்டி, மெஷின் உடம்பு எல்லாத்துலயும் கரண்ட் ஏறி நிக்கும். சிமெண்ட் தரையில வெறுங்காலோட வர்ற குழந்தை தொட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

"அதான் மண்ணுல கம்பி அடிச்சிருக்கே"ன்னு கேக்கலாம். ஓம் விதியைப் போட்டுப் பாருங்க. அந்தக் கம்பியோட தடை 25 ஓம்னு வெச்சுக்குவோம். ஹாட் கம்பி நேரா மெஷின் உடம்பைத் தொட்டு, திரும்பிப் போக மண்ணு மட்டுமே வழின்னா, 120ஐ 25ஆல வகுத்தா 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. மண்ணுல அடிச்ச கம்பி இடி மின்னலுக்கு உதவும், பிரேக்கரை விழவைக்காது. அதை விழவைக்கிறது வீட்டு மெயின் பேனல் வரைக்கும் திரும்பிப் போற அந்த நாலாவது கம்பிதான்.

நாலு கம்பி இழுத்துட்டு, சப்பேனல் பெட்டியோட வர்ற பச்சை ஸ்க்ரூவை முடுக்கிட்டா இவ்வளவு வருஷக் கதையும் வீண். நியூட்ரலும் கிரவுண்டும் மறுபடி ஒண்ணாயிடும். திரும்பிப் போற கரண்ட் ரெண்டு கம்பியிலயும் பிரிஞ்சு ஓடும், நியூட்ரல் அறுந்தாலும் வெளியே தெரியாது. அதனால தனிக் கராஜ் உள்ள பழைய வீட்டை வாங்குறவங்க இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கே கேட்டுடுங்க: கராஜுக்குப் போறது மூணு கம்பியா, நாலா? பழசா இருந்தா அப்படியே விட சட்டத்துல இடம் இருக்கலாம். ஆனா அந்தப் பழைய நிபந்தனை இன்னும் உடையாம இருக்கான்னு யாராவது பார்க்கணும் இல்லையா?

டிஸ்கி: இது வரலாறு, செய்முறை விளக்கம் இல்லை. பேனல் மூடியைக் கழட்டுறது லைசன்ஸ் வெச்ச எலக்ட்ரீஷியன் வேலை. பெர்மிட் வாங்காம வேலையை ஆரம்பிக்காதீங்க.