சிறையிற் பிறந்த நூலும் தமிழ் வாசகரும்

பக்தி நூல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் சீர்திருத்த அன்பர் பலர் முகஞ் சுளிப்பர். அஃது இயற்கையே. திருவிழாச் செலவிலும் வேண்டுதற் கடனிலும் தோட்டத்துத் தமிழனின் கூலிப் பணம் கரைந்ததைக் கண்டவர் வேறு எங்ஙனம் எண்ணுவர்? 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் ஈ. வெ. ராமசாமியார் மலாயாவுக்கு வந்து ஈப்போத் தமிழர் மாநாட்டிற் பேசிய நாள்தொட்டு, மதத்தின் பெயரால் வருவது எதுவாயினும் ஏன், எதற்கு என்று கேட்டே கைக்கொள்ளல் வேண்டும் என்பது பேராக் தமிழர் பலருக்குப் பழகிய பாடம். அப்பாடத்தை மறவாமலே, பியூரிட்டன்மார் எனப்பட்ட ஆங்கில நாட்டுத் தூய்மைக் கட்சியாரின் பக்தி நூல்களை நாம் படித்தல் தகும் என்பது என் துணிபு. அவர்தம் சமயத்தை ஏற்க வேண்டும் என்று யான் கூறவில்லை. அந்நூல்களிற் சிலவற்றை எழுதியவர் எவர், படித்தவர் எவர் என்பதை அறிந்தாலே நமக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டில், எலிசபெத் அரசியின் காலத்தே, இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சி நின்ற சடங்குகளையும் குருமார் ஆடம்பரத்தையும் களைய வேண்டுமெனக் கிளர்ந்தவரே இக்கட்சியார். பியூரிட்டன் என்பது பகைவர் இட்ட ஏளனப் பெயர். வேதத்தை ஒவ்வொருவனும் தன் கண்ணாற் படித்தறிய வேண்டும், குரு படித்துச் சொல்லக் கேட்டு அமைதல் போதாது என்பது அவர் கொள்கைகளுள் தலையாயது. எனவே எழுத்தறிவு அவர்க்குச் சமயக் கடமையாயிற்று. அமெரிக்காவில் மாஸ்சசூசெட்ஸ் நாட்டிற் குடியேறிய அவர் கூட்டத்தார் 1647-இல் ஒரு சட்டம் செய்தனர்: ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒவ்வொன்றும் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்தல் வேண்டும் என்பது. நம் நாட்டிலோ 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்திற் பள்ளி வைக்குமாறு துரைமாரைக் கட்டாயப்படுத்திற்று. அங்கே ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கடமை. இங்கே முதலாளி மீது அரசு சுமத்திய கடமை. தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஏன் கொட்டகைகளாகவே கிடந்தன என்பதற்கு இவ்வேற்றுமை ஓரளவு விடை கூறும்.

இனி, இக்கட்சியின் நூல்களுள் உலகெங்கும் பரவிய ஒன்றை எழுதியவனைப் பார்ப்போம். ஜான் பனியன் என்பான் 1628-இல் பெட்பர்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தான். தந்தை கன்னார்த் தொழிலினர்; வீடு வீடாகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடுபவர். மகனும் அத்தொழிலையே கற்றான். சிறிது காலமே பள்ளி சென்றான். பதினாறாம் வயதில் பாராளுமன்றப் படையிற் சேர்ந்து, மன்னனுக்கெதிரான உள்நாட்டுப் போரிற் சேவித்தான். மணஞ்செய்தபோது தட்டும் கரண்டியும்கூட இல்லாத வறுமை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டே நூல்கள். இரண்டும் பியூரிட்டன் மரபின் பக்தி நூல்கள். ஒன்று ஆர்தர் டென்ட் என்பாரும் மற்றொன்று லூயிஸ் பெய்லி என்பாரும் இயற்றியவை. சீதனத்தாற் சீரழியும் நம்மவர் இச்சீதனத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவ்விரு நூல்களும் அவன் உள்ளத்தைக் கலக்கின. பல்லாண்டு மனப்போராட்டத்தின்பின் பெட்பர்டுச் சுயாதீன சபையிற் சேர்ந்து பிரசங்கியானான். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும், அரசின் திருச்சபைக்குப் புறம்பே கூட்டங்கூடிப் பிரசங்கிப்பது குற்றமெனப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே பனியன் பிடிபட்டான். இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் வீடு சென்றிருக்கலாம். அவன் கொடுக்கவில்லை. மூன்று மாதமெனத் தொடங்கிய சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டாயிற்று. வீட்டிலே நான்கு குழந்தைகள். மூத்தவள் கண் தெரியாதவள். சிறைக்குள் இருந்தபடியே காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்று அவர்களுக்குச் சோறு போட்டான்.

இவ்விடத்தில் அவனுடைய இரண்டாம் மனைவி எலிசபெத்தைப் பற்றிச் சொல்லாது மேற்செல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவன் பிடிபட்ட அதிர்ச்சியில் அவளுக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. தான் பெறாத நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இலண்டன் மாநகருக்குச் சென்று பிரபுவிடம் மனுக் கொடுத்தாள். 1661 ஆகஸ்டில் பெட்பர்டுக்கு வந்த நீதிபதிகள்முன் தனியளாய் நின்று வழக்காடினாள். உன் கணவன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டபோது, பேசும் திறன் உள்ளவரை விடான் என்றாள். அவர் பாத்திரம் ஒட்டுபவர், ஏழை, ஆதலால் இகழப்படுகிறார், நீதியும் பெறார் என்று நீதிபதிகளின் முகத்துக்கு நேரே கூறினாள். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரங்கி வழி சொன்னார். விடுதலை மட்டும் கிடைக்கவில்லை. தொழிலைச் சுட்டி மனிதனைத் தாழ்த்துவது நம் நாட்டிற்கே உரிய கொடுமை என்று எண்ணுவோர் இச்செய்தியை அறிதல் நலம். அங்கே அது பிறவி வேலியாய் இறுகவில்லை என்பதே வேற்றுமை.

1672-இல் விடுதலை பெற்ற பனியன், பின்னரும் ஒருமுறை சில மாதம் சிறைப்பட்டான். அவனது வழிநடை நூலின் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. கதை எளியது. முதுகிற் பெருஞ்சுமை தாங்கிய ஒருவன் அழியப்போகும் தன் நகரை விட்டு விண்ணகர் நோக்கி நடக்கிறான், சேற்றில் விழுகிறான், மாயைச் சந்தையிற் பிடிபடுகிறான், அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். சுமை என்று பனியன் குறித்தது பாவத்தை. ஆயினும் ஒரு நூலைப் படிப்பவன் தன் வாழ்வையும் உடன்கொண்டே படிக்கிறான். கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு கப்பலேறி வந்தவரின் வழித்தோன்றல்களுக்கு முதுகுச் சுமை என்றால் இன்னதெனப் பிறர் விளக்க வேண்டியதில்லை. மாயைச் சந்தையில் நடக்கும் வழக்கு விசாரணையோ, நீதிமன்றத்தை நேரிற் கண்டு புண்பட்டவன் எழுதியது. நடுவரின் பெயரும் சான்றுரைப்போர் பெயரும் நகையை விளைக்கும், அந்நகையின் அடியிற் கசப்பு இருக்கும். பனியன் 1688-இல் இறக்குமுன் அந்நூல் பதினொரு பதிப்புக் கண்டது. கற்றோர் ஏளனஞ் செய்ய, தையற்காரரும் வேலைக்காரிகளும் அதனை வாங்கிப் படித்தனர்.

தொழிலாளர் படித்தனர் என்பது வெறும் புகழ்ச்சியன்று. ரிச்சர்டு பாக்ஸ்டர் என்னும் மற்றொரு பியூரிட்டன் ஆசிரியர் கிடர்மின்ஸ்டர் என்னும் நெசவாளர் ஊரிற் பணியாற்றியவர். நோயுற்று மரணத்தை எதிர்நோக்கிய காலத்திலே தொடங்கி அவர் எழுதிய பரலோக இளைப்பாறுதல் பற்றிய நூல் 1650-இல் வெளிவந்தது. தம் ஊர் நெசவாளர் தறியில் நின்று நெய்துகொண்டே எதிரில் நூலை வைத்துப் படிக்க வல்லவர் என்று அவர் பெருமையோடு எழுதியுள்ளார். பால்வெட்டு வேலையில் அஃது இயலாது. கத்தியும் மரமும் கண்ணை விடா. ஆனால் பால் சேரும்வரை காத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்நேரத்தின் வாசகனை நம்மவர் யாரும் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

அதே பாக்ஸ்டர் 1673-இல் வெளியிட்ட பெருநூலில், ஆப்பிரிக்கரைக் கொள்ளையர்போற் பிடித்துச் சென்று விற்பது உலகிலுள்ள திருட்டுகளுட் கொடியது என்று கண்டித்தார். அடிமையை வைத்திருப்பதனை முற்றும் விலக்கும் துணிவு அவருக்கு வரவில்லை என்பதனையும் உடன் சொல்லல் வேண்டும். ஆயினும் தோட்ட முதலாளியை நோக்கி, உன் ஆளும் உன்னைப்போல் ஆன்மாவுடையவன் என்று அக்காலத்தே எழுதியவர் பலர் அல்லர்.

இக்கட்சியாரிடம் நாம் அறியத்தக்க வழக்கம் மற்றொன்று நாட்குறிப்பு. அன்று செய்ததையும் நினைத்ததையும் இரவில் எழுதித் தன்னைத் தானே கேள்வி கேட்டல் அவருட் பலர்க்கு நித்தியக் கடமை. தோட்டக் கிராணியாகிய எனக்கு இஃது ஒருவகைச் செக்குரோலாகவே தோன்றுகிறது. பெரட்டுக் களத்தில் ஆளின் பெயருக்கு நேரே முழுநாள், அரைநாள் என்று பிறன் ஒருவன் குறிக்கிறான்; ஆளுக்கு அதிற் குரல் இல்லை. இவர்தம் ஏட்டிலோ பெயரைக் கூப்பிடுபவனும் தானே, விடையிறுப்பவனும் தானே. பிறர் கணக்கிலேயே தலைமுறைகளாய் வாழ்ந்த ஒரு கூட்டத்தார்க்குத் தம் கணக்கைத் தாமே எழுதும் பழக்கம் சிறியதொரு பேறன்று. அதில் மிகைபட்டு, குற்ற உணர்விலே மூழ்கி நோயுற்றவரும் இருந்தனர். பனியனே இளமையிற் பல்லாண்டு அங்ஙனம் வருந்தியவன். மருந்தும் அளவோடு உண்ணத்தக்கது.

குறைகளை மறைத்துப் பயனில்லை. ஒடுக்கப்பட்ட இக்கட்சியார் ஆட்சி கிடைத்த இடத்திலே பிறரை ஒடுக்கினர். இலண்டனில் 1642-இல் நாடகசாலைகளை மூடினர். 1659 முதல் 1661 வரை பாஸ்டன் நகரிற் குவேக்கர் நால்வரைத் தூக்கிலிட்டனர். சேலம் என்னும் ஊரில் 1692-இல் சூனியக் குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டது அவர் வழிவந்தோர் நடத்திய நீதிமன்றமே. அறிவின் பெயரால் மூடநம்பிக்கையைச் சாடுவோர் இவற்றை எடுத்துக்காட்டினால் மறுக்க வழியில்லை. ஒன்று மட்டுங் கூறுவேன்: இன்றளவும் படிக்கத்தக்கனவாய் எனக்குத் தோன்றுவன பெரும்பாலும் அவர் சிறையிலும் நோயிலும் வறுமையிலும் எழுதியவை, நீதிபதி ஆசனத்திலிருந்து எழுதியவை அல்ல.

இந்நூல்கள் தமிழரிடம் வந்த வழி இரண்டு. ஒன்று யாழ்ப்பாண வழி. மாஸ்சசூசெட்ஸ் பியூரிட்டன்மாரின் வழித்தோன்றல்களான அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824-இல் உடுவில் பெண் பாடசாலையையும் நிறுவினர். அவருள் ஒருவரான லீவை ஸ்பால்டிங் பனியன் நூலைத் தமிழ்ப்படுத்தினார். அவர் பரப்பிய கல்வியில் வளர்ந்த யாழ்ப்பாணத்தாரே பின்னர் மலாயாவின் இரயில்வேயிலும் அரசுக் கந்தோர்களிலும் குமாஸ்தாக்களாய் நிறைந்தனர். நாட்டின் முதல் இருப்புப்பாதையான தைப்பிங் - போர்ட் வெல்டு பாதை 1885-இல் நம் பேராக்கிலேயே திறக்கப்பட்டது. ஈப்போவில் 1895-இல் ஹோர்லி என்னும் மெதடிஸ்டுப் பாதிரியார் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியும் ஒருவகையில் இவ்வழியைச் சார்ந்ததே. மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தையாகிய ஜான் வெஸ்லி, பியூரிட்டன் நூல்கள் பலவற்றைச் சுருக்கி ஐம்பது தொகுதி கொண்ட தம் நூல்வரிசையிற் சேர்த்து மலிவாய் விற்றவர்.

மற்றொன்று திருநெல்வேலி வழி. 1827-இல் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்திலே தோய்ந்து, 1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியன் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம் பாடினார். அது 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவம்; மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்கள். பனியனில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாய்ச் சேர்த்தார். தேவாரப் பண்பமைந்த பதிகங்களையும் இடையிடையே அமைத்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைப் புலவர் அழைப்பது தகும்.

ஆனால் ஒரு வருத்தம். பாத்திரம் ஒட்டுபவன் தன் பட்டறைப் பேச்சில் எழுதிய கதை, தமிழிலே புலவர் சபைக்குரிய காப்பியமாயிற்று. தறியில் நின்று படிக்கத்தக்கது, உரையாசிரியர் இருந்தாலன்றிப் படிக்கவொண்ணாதது ஆயிற்று. குற்றம் கிருஷ்ண பிள்ளையதன்று. பெருங்கதை எனின் விருத்தத்திற்றான் பாடவேண்டும் என்று அக்காலத் தமிழுலகம் கொண்டிருந்த மதிப்பே அவரை அவ்வழி நடத்தியது. அவர் செய்யுளின் இனிமையை யானும் விரும்புகிறேன். ஆயினும் தோட்டத்து நண்பர் ஒருவர் எதனை முதலிற் படிப்பது என்று கேட்டால், திருநெல்வேலிச் சாமுவேல் பவுல் ஐயர் உரைநடையிற் பெயர்த்த மோட்சப் பிரயாணத்தையே கையிற் கொடுப்பேன். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத முதியவர் சுற்றியிருந்து கேட்டுப் பொருள் கொள்ளத்தக்க நூல் அது.

உரைநடையை நாடுவதற்குக் காரணம் மற்றொன்றும் உண்டு. கிருஷ்ண பிள்ளை தழுவியது முதற்பாகத்து ஆணின் நடையையே. பனியனின் இரண்டாம் பாகத்தில் அவ்வழியே நடப்பவள் வீட்டில் விடப்பட்ட மனைவி. நான்கு பிள்ளைகளையும் அயல்வீட்டு இளம்பெண் ஒருத்தியையும் உடனழைத்துக்கொண்டு புறப்படுகிறாள். கணவன் தனியே விழுந்தெழுந்த சேற்றை அவள் பிள்ளைகளோடு படி பார்த்துக் கடக்கிறாள். நீதிபதிகள்முன் நின்ற எலிசபெத்தை நினைந்தே பனியன் அவளைப் படைத்தான் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. எனினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு அவ்வெண்ணம் எழாமல் இராது.