தூக்கத்தில் நடத்தல்: நீதியும் மருத்துவமும்

தூக்கத்தில் எழுந்து நடக்கும் பிள்ளையைப் ‘பேய் அழைக்கிறது’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கடல் கடந்து பத்துபஸ்திக்கு வந்த நம்மோடு அப்பேச்சும் கப்பலேறி வந்திருக்கிறது. இதில் நாம் மட்டும் நாணுவதற்கில்லை. ஜெர்மானியர் இந்நோய்க்கு இட்ட பழைய பெயருக்கே ‘நிலவுப் பித்து’ என்று பொருள். நாம் பேயைக் குறை சொன்னோம். அவர்கள் பாவம், நிலவைக் குறை சொன்னார்கள்!

ஆனால் தூக்கத்தில் நடந்தவர் கையால் ஓர் உயிர் போய்விட்டால் பழி யார் மேல்? 1846-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆல்பர்ட் டிரெல் என்பவருக்காக, அவர் உறக்கத்தில் நடப்பவர் என்று வாதிடப்பட்டது. ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்.

நம் தமிழகத்திலும் அவ்வினா எழுந்தது. இரவில் ஒரு தாய் பச்சிளங் குழந்தையுடன் கிணற்றில் விழுந்தாள். குழந்தை மாண்டது, தாய் பிழைத்தாள். அவள் தூக்கத்தில் நடந்தவள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. 1959-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அத்தீர்ப்பு, துயில்நடை மெய்ப்பிக்கப்பட்டால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு தரும் பாதுகாப்புக்கு உரியதே என்று கூறியது. ஆயினும் அத்தாயின் வழக்கில் அதற்குத் தக்க சான்று இல்லையென்று வாதம் தள்ளப்பட்டது. அப்பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 22-ஆம் பிரிவாக விளங்குகிறது.

அத்தீர்ப்பின் காலத்தில் மருத்துவமும் இருட்டில்தான் தடவிக்கொண்டிருந்தது. நடப்பவர் தாம் காணும் கனவை நடித்துக் காட்டுகிறார் என்றே பலரும் எண்ணினர். 1965-இல் அமெரிக்க அறிஞர்கள் தூங்குவோரின் மூளை மின்னலைகளை இரவு முழுவதும் பதிவு செய்து, நடை தொடங்குவது கனவு மிகுந்த உறக்கத்தில் அன்று, ஆழ்ந்த உறக்கத்தில் என்று கண்டனர். 1968-இல் கனடா நாட்டு ரோஜர் பிராட்டன் இதனை ‘விழிப்பின் கோளாறு’ என விளக்கினார். உடலை இயக்கும் பகுதி விழித்துக்கொள்ள, அறிவும் நினைவும் உறங்கியே கிடக்கின்றன. காலையில் கேட்டால் பிள்ளை ஒன்றும் அறியாது விழிப்பது பொய்யன்று.

இதை அறிந்தபின் காலைக் கட்டிப் போடுவதும் வேப்பிலை அடிப்பதும் எதற்கு? அதட்டி உலுக்கினால் அவர் மிரண்டு தள்ளிவிடக்கூடும். மெல்லத் தோளைப் பற்றிப் படுக்கைக்குத் திருப்பி விடுவதே போதும். கதவின் தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் இடுக, கிணற்றை மூடுக, மாடியில் படுக்க வைக்காதிருப்பது நன்று. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து நடக்கும் பிள்ளையை, அந்நேரத்துக்குக் கால் மணி முன்னதாக மெதுவாக எழுப்பி மீண்டும் உறங்க விடும் முறையும் பலருக்குப் பயன் தந்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இது தானே நின்றுவிடும்.

உறக்கக் குறைவும் காய்ச்சலும் இதனைத் தூண்டுவன. இத்தீவுகளில் பொழுது ஐந்து மணியளவிலேயே புலர்ந்துவிடுகிறது; இரவு நெடுநேரம் விழித்திருக்கும் பிள்ளைக்குத் துயில் இருபுறமும் குறைகிறது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டவேண்டும். சில தூக்க மாத்திரைகளே இதனை விளைவிப்பதுண்டு. நடந்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து, உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.