தேக்–பப்கா

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் இறக்கப் பயன்படும் மரபான வாலை. தேக் என்பது அடுப்பில் ஏற்றும் செம்பு அண்டா. பூவும் நீரும் இட்டபின் மூடியின் விளிம்பைப் பஞ்சு கலந்த களிமண்ணால் அடைப்பார்கள். அது காய்ந்த பிறகே தீ மூட்டுவார்கள். ஆவி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே பப்கா என்னும் நீள்கழுத்துச் செம்புக் குடத்துக்குள் இறங்கும். மூங்கில் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் வழியில் அதிகம் குளிராது.

குளிரவைப்பதுதான் இதில் உண்மையான வித்தை. பப்கா நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும்; உள்ளே சந்தன எண்ணெய் மணத்தை ஏற்கும். (சந்தனம் விலையேறியதால் இப்போது திரவப் பாரஃபினும் புழங்குகிறது, மணத்தில் அது ஈடாகாது.) தொட்டி நீர் சூடேறினால் மாற்ற வேண்டும், இல்லையேல் ஆவி குளிராமல் வீணாகும். வெப்பமானி கிடையாது; குடத்தைக் கையால் தடவியே எவ்வளவு நிரம்பியது என்று கணிப்பார் வாலைக்காரர். நிரம்பியதும் தேக்கின்மேல் ஈரத்துணி போர்த்தி ஆவியைத் தணித்து, வேறு பப்காவை மாட்டுவார். கழற்றிய குடம் ஆறியதும் அடியில் தங்கிய நீரை வடித்து அடுத்த ஈட்டுக்கு மீண்டும் தேக்கிலேயே ஊற்றுவதுண்டு. சுட்ட களிமண்ணை இட்டு இறக்கும் மிட்டி அத்தரில் முதல் மழையின் மண்வாசனை வரும்.