தமிழ்ப் படிவங்களில் குறுக்கு விசைகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணினிப் படிவங்களைச் சுட்டியின் துணையின்றி விசைப்பலகையாலேயே நிரப்பக் குறுக்கு விசைகள் உதவுகின்றன. பார்வையற்றோருக்கு இவை வசதி மட்டுமல்ல, இன்றியமையாத வழியுமாகும். படிவத்தின் சொற்கள் தமிழான பின்னரும் குறுக்கு விசைகள் ஆங்கில எழுத்துகளாகவே நிலைத்ததன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழை விசைகளுக்குள் அடக்கும் சிக்கல் தட்டச்சுப் பொறிக் காலத்திலேயே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை அமைத்தல் இயலாது. ஆதலின் புள்ளி முதலிய குறிகளுக்கு நகரா விசைகள் அமைந்தன. குறியை முன்னரும் எழுத்தைப் பின்னரும் அடிக்க வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. உயிர்கள் இடக்கைப்புறமும் மெய்கள் வலக்கைப்புறமும் அமைந்த இப்பலகையில் ககரத்தை இருமுறை அழுத்தினால் ‘க்க’ எனப் புள்ளி தானே அமையும். புதுக்கோட்டை வட்டாரத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. சொல்லறிந்து படிப்போரே அதனை நிரப்பிக்கொள்கின்றனர். படிப்போரின் அவ்வறிவில் ஒரு பகுதி தமிழ்99 வழியே மென்பொருளின் விதியாயிற்று.

எனினும் இவ்விதிகள் எழுத்தை உள்ளிடுவதோடு நின்றன. கட்டளையிடும் முறைக்கு விரியவில்லை. ஆங்கிலப் படிவத்தில் பொத்தானின் பெயரிலுள்ள ஓர் எழுத்து அடிக்கோடிடப்படும். ஆல்ட் விசையோடு அதனை அழுத்தினால் பொத்தான் இயங்கும். தமிழில் ‘சேமி’ என்பதன் முதலெழுத்து சகரமும் ஏகாரக் குறியும் சேர்ந்தது. ஒரே அழுத்தத்தில் அது பிறவாது. எனவே மொழிபெயர்ப்பாளர் ‘சேமி’ என எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் எஸ் என்னும் ஆங்கில எழுத்தை இட்டனர். சீன, சப்பானிய மொழிபெயர்ப்புகளிலும் இவ்வழக்கம் உண்டு.

தமிழ்99 பலகையில் எஸ் விசைக்குரிய எழுத்து இகரம். தமிழில் உள்ளிடும்போது கண்ட்ரோலுடன் அவ்விசையை அழுத்தினால், விசையின் எண்ணை நோக்கும் செயலி சேமிக்கும். எழுத்தை நோக்கும் செயலி இகரத்தைக் கண்டு வாளாவிருக்கும். மொழிமாற்று விசையாலும் மோதல் நேர்ந்தது. என்எச்எம் ரைட்டர் விசைப்பலகைகளை மாற்ற ஆல்ட்டையும் எண்ணையும் பயன்படுத்தியது. 2007ஆம் ஆண்டின் மைக்ரோசாப்ட் ஆபிசில் அதே இணைப்பு விரைவுப் பட்டைக்கு உரியதாயிற்று.

தீர்வு தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. நன்னூல் கூறும் மொழிமுதல் எழுத்துகள் 12 உயிரும் 10 மெய்யின் வருக்கமுமாக 22 வகை. இந்த 22க்கும் தமிழ்99 பலகையில் தனி விசை உண்டு. ‘சேமி’க்குச் சகரம், ‘நீக்கு’க்கு நகரம் எனக் குறியை நீக்கிய எழுத்தை அணுகு விசையாகக் கொள்ளலாம். முதலெழுத்து ஒன்றாயின் அடுத்த எழுத்தைக் கொள்ளலாம். செயலி விசையின் இடத்தை நோக்கினால், உள்ளிடும் மொழி மாறினும் கட்டளை மாறாது. அந்நிலையில், தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் தம் விண்ணப்பத்தைச் சேமிக்க ஆங்கில எழுத்தொன்றை நினைவிற்கொள்ள வேண்டியதில்லை.