ஒரே வேலைக்கு ஏன் இத்தனை கட்டளைகள்?

ஏ.எல். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளையொன்று போன வாரம் கேட்டது: "ஸேர், லினக்ஸில வலையமைப்ப ஒருக்கா நிப்பாட்டி மறுபடி இயக்க என்ன கட்டளை?"

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தால், "எந்த லினக்ஸ்?" என்று திருப்பிக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. டெபியனில் அந்தச் சேவையின் பெயர் நெட்வேர்க்கிங். பழைய ரெட் ஹெட்டில் நெட்வேர்க். ஸ்லெக்வெயாரில் ஆர்சி.ஐநெட்1 என்றொரு கோப்பு. லினக்ஸுக்கு வெளியே போனால், ஃப்ரீபிஎஸ்டியில் நெட்இஃப், ஓப்பன்பிஎஸ்டியில் நெட்ஸ்டார்ட். இன்றைய உபுண்டுவிலோ மேசைக் கணினிக்கு ஒன்று, சேவையகத்துக்கு வேறொன்று. (பெயர்களை நாம் உச்சரிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.)

இணையத்தில் கண்ட கட்டளையைப் பிரதி பண்ணிப் போடுகிறார்கள். அது ஓடுவதில்லை. "இந்தக் கணினி சரியில்லை" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். கணினியில் பிழையே இல்லை. வேறொரு வீட்டுச் சாவியை இந்த வீட்டுப் பூட்டில் போட்டால் எப்படித் திறக்கும்? ஒரே குடும்பத்து வீடுகளுக்கு ஏன் இத்தனை விதமான பூட்டு என்று தெரிந்துகொண்டால், எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய ஒரு ஸ்கிரிப்டை எழுதுவது எப்படி என்பதும் விளங்கிவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஆரம்பித்தார்கள். 1973இல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ஒரு கணினிக்கென்று எழுதியதை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெல் ஆய்வுகூடம் ஏடி அன்ட் டி என்ற தொலைபேசிக் கம்பனியுடையது. 1956இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட இணக்கத்தால் அந்தக் கம்பனி தொலைபேசிக்கு வெளியே வியாபாரம் செய்ய முடியாமல் இருந்தது. அதனால் யுனிக்ஸ் மூலநிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் போனது. விற்கத் தடை இருந்ததால் பரவிய பொருள் என்று சொன்னால் தவறில்லை.

1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் சேர்ந்தது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒரே தடவையில் ஓட்டும் கலைக்கு அதுதான் நிலையான அடித்தளம். இன்றைக்கும் ஒரு ஸ்கிரிப்டின் முதல் வரியில் "எஸ்ஹெச்" என்று எழுதுகிறோமே, அது அந்த ஷெல்லின் பெயர்தான்.

வலையமைப்பு வந்த வழி வேறு. 1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதே ஆண்டு ஒகஸ்டில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸை வெளியிட்டது. இஃப்கொன்ஃபிக் என்ற கட்டளை அதில்தான் வந்தது. கணினி எழும்பும்போது ஓடுகிற ஆர்சி கோப்புகளில் அந்தக் கட்டளையை ஒரு வரியாகப் போட்டார்கள். (ஆர்சி என்ற எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பலர் கேட்பதுண்டு. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் முறைமையில் "ரன்கொம்" என்றொரு வசதி இருந்தது. கட்டளைகளை ஓட்டு என்று அர்த்தம். அதன் சுருக்கம்தான் இது.)

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய பேர்க்லி முறையில் "மீள இயக்கு" என்று தனியாக ஒன்று கிடையாது. ஆர்சி கோப்பு மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடும், அவ்வளவுதான். வலையமைப்பு சிக்கிக்கொண்டால் கையால் ஒவ்வொரு வரியாகத் தட்ட வேண்டும், அல்லது முழுக் கணினியையும் அணைத்துப் போட வேண்டும்.

ஏடி அன்ட் டியின் சிஸ்டம் 5 வேறு வழியில் போனது. ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட். அதற்கு "தொடங்கு" என்றோ "நிறுத்து" என்றோ ஒரு சொல்லைக் கொடுத்துக் கூப்பிடலாம். எஸ் என்ற எழுத்தில் பெயர் ஆரம்பித்தால் தொடக்கம், கே என்றால் நிறுத்தம், பின்னால் வரும் இலக்கம் வரிசையைச் சொல்லும். நிறுத்தித் தொடங்குவதுதான் மீள இயக்குவது என்ற பழக்கம் இந்த வழியாகத்தான் வேரூன்றியது. என்னைக் கேட்டால், பேர்க்லியின் ஒற்றைக் கோப்பு வாசிக்க இலகு, சிஸ்டம் 5 நிர்வகிக்க இலகு. இரண்டு பக்கத்தாரும் தங்கள் வழிதான் சரி என்று நின்றதில் ஆச்சரியமில்லை.

1984இல் ஏடி அன்ட் டி உடைக்கப்பட்டபோது அதன் கையைக் கட்டியிருந்த தடையும் போனது. யுனிக்ஸ் வியாபாரப் பொருளானது. ஒவ்வொரு கம்பனியும் தன்தன் யுனிக்ஸை விற்றது. 1988இல் ஐபிஎம், டெக், எச்பி போன்றவை ஒரு பக்கமும் ஏடி அன்ட் டியும் சன்னும் மறு பக்கமுமாக அணி பிரிந்தன. இதை "யுனிக்ஸ் யுத்தம்" என்றே எழுதுவார்கள்.

அந்தச் சண்டையின் தழும்பை ஒரு சின்னக் கட்டளையில் பார்க்கலாம். திரையில் ஒரு வசனத்தைக் காட்டும் எக்கோ. வசனத்தின் முடிவில் அடுத்த வரிக்குப் போகாமல் நிற்க வேண்டுமென்றால், பேர்க்லி வழியில் முன்னால் "-என்" போட வேண்டும். சிஸ்டம் 5 வழியில் வசனத்தின் கடைசியில் "\சி" போட வேண்டும். ஒன்றை மற்றதில் போட்டால் அந்த எழுத்துகளே திரையில் வந்து விழும். எந்த எக்கோ என்று சோதித்துப் பார்ப்பதற்கென்றே பழைய ஸ்கிரிப்டுகளில் நாலைந்து வரி இருக்கும். இன்றைக்கு எக்கோவை விட்டுவிட்டு பிரின்ட்எஃப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பொதுத் தீர்வாக வந்ததுதான் போசிக்ஸ் என்ற நியமம். பெயரைச் சொன்னவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். முதற்பகுதி 1988இல் வந்தது. ஷெல்லுக்கும் கட்டளைகளுக்குமான பகுதி 1992இல் வந்தது. ஷெல்லில் நிபந்தனை எப்படி எழுதுவது, சுற்று எப்படி எழுதுவது, ஒரு கட்டளை இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது, எல்லாவற்றுக்கும் பொது விதி கிடைத்தது. ஆனால் கணினி நிர்வாகத்தை அந்த விதி தொடவில்லை. ஒரு சேவையை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. மொழிக்கு உடன்பாடு வந்தது, வேலைக்கு வரவில்லை. நம்முடைய பிள்ளையின் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லாமல் போன இடம் இதுதான்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்தது. 1993இல் ஸ்லெக்வெயாரும் டெபியனும் வந்தன. ஸ்லெக்வெயார் பேர்க்லி பாணியை எடுத்தது. டெபியனும் பின்னால் வந்த ரெட் ஹெட்டும் சிஸ்டம் 5 பாணியை எடுத்தன. 2001இல் லினக்ஸ் ஸ்டேன்டர்ட் பேஸ் என்ற நியமம் வந்து, சேவை ஸ்கிரிப்டுகள் தொடங்கு, நிறுத்து, மீள இயக்கு, நிலை சொல் ஆகிய சொற்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. நல்ல முயற்சி. ஆனால் வலையமைப்புச் சேவைக்கு என்ன பெயர் என்பதில் ரெட் ஹெட்டும் டெபியனும் கடைசிவரை ஒன்றுபடவே இல்லை.

டெபியனில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு காலத்தில் அங்கே நெட்வேர்க்கிங் ஸ்கிரிப்டை மீள இயக்கினால், அதுவே ஒரு எச்சரிக்கையைக் காட்டும்: இப்படிச் செய்வது கைவிடப்பட்ட வழி, சில இணைப்புகள் திரும்ப எழும்பாமல் போகலாம் என்று. சொல்லிவிட்டுத்தான் வேலையைச் செய்யும்!

2010 ஏப்ரலில் லெனார்ட் பொட்டரிங் சிஸ்டம்டி என்ற புதிய முறையை அறிவித்தார். 2011இல் ஃபெடோரா அதை ஏற்றது. டெபியனில் பெரிய வாக்குவாதம். 2014 பெப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சரிசமமாக நின்றபோது, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதவர்கள் பிரிந்து போய் டெவுவன் என்று தனியாக ஆரம்பித்தார்கள். இனியாவது ஒரே கட்டளைதான் என்று நினைத்தோம். கட்டளை ஒன்றானது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் எழுத வேண்டிய சேவையின் பெயர் நெட்வேர்க் மெனேஜரா, சிஸ்டம்டி-நெட்வேர்க்டியா, பழைய நெட்வேர்க்கிங்கா என்பது இன்னும் கணினிக்குக் கணினி வேறுபடுகிறது.

சரி, எங்கும் ஓடும் ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது? பெரும்பாலான பிள்ளைகள் முதலில் யோசிப்பது, கணினியின் பெயரைக் கேட்போம், உபுண்டு என்றால் இது, ரெட் ஹெட் என்றால் அது என்று ஒரு பட்டியல் போடுவோம் என்பதைத்தான். மற்ற மென்பொருள்காரர்கள் இந்த வழியில் போய்க் களைத்தே திரும்பினார்கள். பட்டியல் ஒருபோதும் முடியாது, அடுத்த பதிப்பு வந்ததும் பழசாகிவிடும். 1991இல் டேவிட் மெக்கன்சி ஆரம்பித்த ஓட்டோகொன்ஃப் வேறு வழியைக் காட்டியது: நீ யார் என்று கேட்காதே, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேள்.

அந்தப்படி நம்முடைய ஸ்கிரிப்ட் முதலில் சிஸ்டம்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஸ்டம்சிடிஎல் கட்டளை இருப்பது மட்டும் போதாது. கட்டளை நிறுவப்பட்டிருந்தும் கணினி வேறு முறையில் எழும்பியிருக்கலாம். "ரன்" கோப்புறைக்குள் "சிஸ்டம்டி", அதற்குள் "சிஸ்டம்" என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. இருந்தால், மேலே சொன்ன மூன்று சேவைகளில் எது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை மட்டும் மீள இயக்க வேண்டும். சிஸ்டம்டி இல்லையென்றால் நெட்இஃப் இருக்கிறதா, பழைய இனிட் கோப்புறையில் ஸ்கிரிப்ட் இருக்கிறதா, நெட்ஸ்டார்ட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. ஃப்ரீபிஎஸ்டியில் நெட்இஃப்பை மட்டும் மீள இயக்கினால் வெளியே போகும் இயல்பு வழி அழிந்துவிடும், அதனால் ரவுட்டிங் சேவையையும் தொடர்ந்து இயக்க வேண்டும். இதைத் தெரியாமல் "வலையமைப்பு எழும்பியது, இணையம் வரவில்லை" என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

ஷெல்லின் மொழியிலும் கவனம் வேண்டும். 2006இல் உபுண்டு தன் எஸ்ஹெச்சை பேஷிலிருந்து டேஷுக்கு மாற்றியபோது, பேஷுக்கு விளங்கினாலும் டேஷுக்கு விளங்காத இரட்டைச் சதுர அடைப்பு போன்றவற்றை எழுதியிருந்த ஏராளமான ஸ்கிரிப்டுகள் உடைந்தன. போசிக்ஸில் உள்ளதை மட்டும் எழுதினால் அந்தப் பயம் இல்லை.

இனி முக்கியமானது. சேவையகம் கொழும்பில், நீங்கள் ஊரிலிருந்து இணையம் வழியாக அதற்குள் நுழைந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "நிறுத்து" என்று தட்டினால், "தொடங்கு" என்று தட்டுவதற்கு உங்களுக்கு வழி இருக்காது. இருக்கிற கிளையையே வெட்டிய கதை. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்தாலும், நடுவில் உங்கள் தொடர்பு அறுந்ததாக முறைமை முடிவெடுத்தால், உங்கள் பெயரில் ஓடுகிற செயல்களுக்கு "ஹேங்அப்" என்ற சமிக்ஞை போகும், ஸ்கிரிப்ட் பாதியில் செத்துவிடும். தொலைபேசி வயரில் கணினியோடு பேசிய காலத்துச் சொல் அது, ரிசீவரை வைத்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சமிக்ஞையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடு என்று சொல்வதற்குத்தான் நோஹப் என்ற கட்டளை இருக்கிறது. ஸ்கிரிப்டை அதோடு சேர்த்துப் பின்னணியில் ஓட்டுங்கள். அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள்: பத்து நிமிடத்தில் கணினி தானாக அணைந்து எழும்பட்டும் என்று முன்கூட்டியே ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்து வைப்பார்கள். எல்லாம் சரியாக வந்தால் அதை ரத்துச் செய்வார்கள். வராவிட்டால் கணினியே தன்னை மீட்டுக்கொள்ளும், யாரும் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டின் கடைசிக் கிளை, எதுவுமே பொருந்தாத கணினிக்கானது. அங்கே ஊகித்து எதையாவது நிறுத்தக் கூடாது. "இந்த முறைமை எனக்குத் தெரியாது" என்று பிழைச் செய்தி காட்டி, பூச்சியமல்லாத இலக்கத்தோடு வெளியேற வேண்டும். எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் முதல் தடவை கணினிக்கு முன்னால் இருந்தே ஓட்டிப் பாருங்கள், தூரத்திலிருந்து வேண்டாம். எந்த முறைமையில் எந்தக் கிளைக்குப் போனது என்று கீழே கருத்தில் எழுதுங்கள்.