விண்மீன்களிலிருந்து வழிந்த சொல்

“பையனுக்கு மார்க் இருக்கிறது, ஆனால் இன்ஃபுளுயன்ஸ் இல்லையே!” ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசும் வேளைகளில் இத்தகைய பெருமூச்சை நாம் கேளாதிருந்ததில்லை. ஆங்கிலம் கல்லாதவரும் இச்சொல்லை அறிவர். பெரிய மனிதர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு, ஒரு சிபாரிசுக் கடிதம், ஒரு பழைய உறவு ஆகியவையே நம் பேச்சில் அதன் பொருள். ஆயினும் அச்சொல் பிறந்தபோது மனிதரைக் குறிக்கவேயில்லை, விண்மீன்களைக் குறித்தது!

இலத்தீனில் ‘ஃபுளுவெரே’ என்றால் பாய்தல்; ‘இன்ஃபுளுவெரே’ என்றால் உட்பாய்தல். கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒன்று வான்மீன்களினின்று மண்ணுலகின்மீது வழிந்து, மாந்தரின் குணத்தையும் விதியையும் வகுக்கிறது என இடைக்கால ஐரோப்பியர் நம்பினர். அந்த வழிவுக்கு இட்ட பெயரே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் நுழைந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் இச்சொல்லை வானுலகோடு சேர்த்தே ஆண்டார். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும், யோபு நூல் 38:31-இல், கார்த்திகை மீன்களைப் பற்றிய இடத்தில் அது இடம்பெற்றது.

நோய்க்கும் விண்மீன்கள்மீதே பழி விழுந்தது. இத்தாலியர் கொள்ளைநோய்ப் பரவலை ‘இன்ஃபுளுயென்சா’ என்றழைத்தனர். 1743-இல் அந்நாட்டில் பரவிய காய்ச்சலோடு அப்பெயர் ஆங்கிலத்திற்கும் வந்து சேர்ந்தது. 1918-இல் தொடங்கி நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது அதே பெயருடைய நோய்தான். 1933-இல் இலண்டன் ஆய்வாளர்கள் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தபின் வான்மீன்கள் விடுதலை பெற்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் விண்மீன்களின் ஆட்சியைத் திருச்சபையின் பேரறிஞர் அதற்கு நெடுங்காலம் முன்பே மறுத்திருந்தனர். இளமையில் சோதிடத்தை நாடியவர் புனித அகுஸ்தீனார் (354–430). செல்வர் வீட்டில் ஒரு மகவும், அடிமைப் பெண்ணொருத்திக்கு ஒரு மகவும் ஒரே கணத்தில் பிறந்த செய்தி அவர் மனத்தை மாற்றியது. இருவர்க்கும் மீன்கள் ஒன்றே. ஒருவன் செல்வத்தில் வளர்ந்தான், மற்றவன் அடிமையாகவே உழைத்தான். தம் ஒப்புதல் நூலின் ஏழாம் பகுதியில் இதனை அவர் எழுதி வைத்துள்ளார். புனித தோமா அக்குவினா (1225–1274), வான்பொருள்கள் உடலையும் உடல்வழி எழும் உணர்ச்சிகளையும் தொடக்கூடும் என ஒப்பினார். மனிதனின் விருப்புறுதியை அவை கட்டாயப்படுத்த இயலா என்று வரையறுத்தார்.

காலப்போக்கில் வானத்தின் ஆற்றல் மனிதர் கைக்கு மாறியது. மன்னர்க்கும் செல்வர்க்கும் உரிய மறைமுக வலிமையை அச்சொல் சுட்டலாயிற்று. 1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகத்தைத் தமக்குள் ‘செல்வாக்கு மண்டலங்களாக’ வகுத்துக்கொண்டன. ஆதிக்கம் என்னாமல் செல்வாக்கு என்றனர். மென்மையான சொல் வன்மையான செயலுக்குப் போர்வையாயிற்று. சட்டமோ அப்போர்வையை முன்னமே விலக்கியிருந்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையிலிருந்து, அந்நிலையைக் கொண்டு நேர்மையற்ற ஆதாயம் பெறுவதைத் தகாத செல்வாக்கு என்கிறது. அவ்வாறு பெற்ற இசைவு முழு இசைவாகாது.

இச்சொல்லின் உறவுச் சொற்களையும் எண்ணிப் பார்ப்போம். ‘இம்பாக்ட்’ என்பது மோதல். ‘அத்தாரிட்டி’ என்பதன் வேரில் வளர்த்தல் என்னும் பொருள் உண்டு. ‘பிரஸ்டீஜ்’ என நாம் பெருமையோடு சொல்வது, மூலத்தில் கண்கட்டு வித்தையையே குறித்தது! ‘இன்ஸ்பையர்’ என்பது மூச்சை உள்ளே ஊதுதல். நம் தமிழின் ‘செல்வாக்கு’ என்பதோ ‘செல்லும் வாக்கு’ எனப் பிரிந்து நிற்கிறது. செல்லாக் காசு உண்டு. செல்லா வாக்கும் உண்டு. ஒருவர் சொல் எடுபடுவதற்கு அவருடைய பதவி காரணமா, வாய்மை காரணமா என்று இச்சொல் நம்மைக் கேட்பதுபோல் இருக்கிறது.

‘இன்ஃபுளுயன்சர்’ என்றே ஒரு தொழில் உருவாகியிருக்கும் நாளில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ‘செல்வாக்கு இல்லையே’ எனப் பெருமூச்செறியும் தந்தை, அகுஸ்தீனார் கைவிட்ட விதியையே வேறு பெயரால் நம்புகிறார். அவரை அப்படி நம்பவைத்தவர் யார்? தகுதியுள்ள பிள்ளையைப் பின்தள்ளி, நம் உறவினருக்காகக் கடிதம் கேட்ட நாமும் அல்லவா?

தோமா அக்குவினா அதே ‘உட்பாய்தல்’ என்னும் சொல்லை வேறோரிடத்திலும் ஆண்டார்: தலையாகிய கிறிஸ்துவிடமிருந்து உறுப்புகள் அனைத்திற்கும் அருள் பாய்கிறது என்று. அப்பாய்வுக்குச் சிபாரிசு தேவையில்லை. அது எவர் விருப்பத்தையும் நசுக்குவதுமில்லை. பிறர்மீது நாம் கொள்ளும் செல்வாக்கை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போமாக. அடுத்த முறை ஒரு கடிதத்தில் கையெழுத்திடுமுன், அதனால் வெளியே நிற்கப்போகும் பிள்ளையின் முகத்தையும் ஒருகணம் நினைப்போமாக.